மேற்கு ஜன்னலும் தம்புசாமி ஐயாவின் குடையும்

அவை நிறைந்திருக்கும் அன்புக்கு என் முதல் வணக்கம்!

குரலை உயர்த்தாமலே கூட்டத்தைக் கட்டி ஆளும் ஆற்றல் படைத்தவரும், கிள்ளான் அன்பொளி நல்வாழ்வுச் சங்கத்தின் தலைவருமான பெருமதிப்புக்குரிய இராமலிங்கம் ஐயா அவர்களே! செங்கல் செங்கலாய், சிமெண்டு மூட்டை மூட்டையாய், நமது புதிய கட்டடத்தைத் தன் தோளில் சுமந்து நிறுத்தியிருக்கும் கட்டடக் குழுத் தலைவர், என் பாசத்துக்குரிய நாகையா அண்ணன் அவர்களே! முன்வரிசைக்குப் பெருமை சேர்க்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியில் போட்டு, பையைக் காலடியில் வைத்து, கண்ணை மட்டும் மேடையில் வைத்திருக்கும் தாய்மார்களே! தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையிலிருந்து யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நேராக வந்து கதவோரம் நிற்கும் தம்பிமார்களே! பின்கட்டில் தே தாரிக் தேநீரை ஆற்றிக்கொண்டே ஒரு காதை இந்தப் பக்கம் நீட்டியிருக்கும் அண்ணன்மார்களே! உங்கள் அனைவரையும் இரு கை கூப்பி வணங்குகிறேன்.

பேச்சைத் தொடங்கும் முன் ஒன்று கேட்கிறேன். எனக்கு வலப்பக்கம் இத்தனை நாற்காலிகள் ஏன் காலியாகக் கிடக்கின்றன? கூட்டம் வரவில்லையா? வந்திருக்கிறது, நிரம்பி வழிந்திருக்கிறது! இடப்பக்கம் மூவர் அமரும் இடத்தில் ஐவர் அமர்ந்திருக்கிறீர்கள். வலப்பக்கம் மட்டும் வெறிச்சென்று கிடக்கிறது. ஏன்? அந்தப் பக்கம் மேற்கு. அங்கே வெயில் உட்கார்ந்திருக்கிறது. நாம் எல்லோரும் வெயிலுக்கு இடம் விட்டு எழுந்து வந்த மரியாதைக்காரர்கள்! யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை, யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. உங்கள் முதுகே உங்களை இடம் மாற்றி உட்கார வைத்தது. நான் இன்று பேச வந்ததை உங்கள் முதுகுகள் முன்பே புரிந்துகொண்டுவிட்டன.

என் பெயர் சந்திரகலா. பிரிக்பீல்ட்ஸில் லங்சீர் கடை வைத்திருக்கிறேன். மேடைத் தமிழில் திரைச்சீலை, கடைத் தமிழில் லங்சீர். கிள்ளானிலும் சுபாங் ஜெயாவிலும் உங்களில் பாதிப் பேரின் வீட்டு ஜன்னலுக்கு உடை உடுத்திவிட்டவள் நான்தான். உங்கள் வீட்டில் எந்த ஜன்னல் சுடும், எந்த ஜன்னல் சும்மா இருக்கும் என்பது உங்கள் மாப்பிள்ளையைவிட எனக்கு நன்றாகத் தெரியும். சிரிக்காதீர்கள் ஆன்டி, உங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலைத்தான் சொல்கிறேன்.

அப்படிப்பட்ட எனக்கு இந்தச் சங்கம் ஓர் ஆர்டர் கொடுத்தது. நமது புதிய கட்டடத்தின் மாடியில் டயாலிசிஸ் நிலையம் வரப்போகிறது அல்லவா? அதன் மேற்குச் சுவர் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. அந்தக் கண்ணாடி முழுவதற்கும் கனமான லங்சீர் தைத்துத் தர வேண்டும் என்று கேட்டார்கள். என் கடை திறந்த நாள் முதல் அப்படி ஓர் ஆர்டர் வந்ததில்லை. வேறொருத்தியாக இருந்தால் சங்கத்துக்கு மாலை போட்டிருப்பாள். நானோ மேடையேறி, மைக்கைப் பிடித்து, ஊரறியச் சொல்கிறேன்: தலைவர் அவர்களே, அந்த ஆர்டரை ரத்து செய்யுங்கள்!

என்ன தம்பி சொல்கிறீர்கள்? "அக்காவுக்கு வியாபாரம் அலுத்துப் போச்சா"? அலுக்கவில்லை தம்பி, வியாபாரம் வேண்டும்தான். ஆனால் நான் கண்ணால் கண்டதைக் கேட்டால், நீங்களே என் கையிலிருந்து அந்தத் துணியைப் பிடுங்கிவிடுவீர்கள்.

எந்தத் துணி பொருந்தும் என்று பார்ப்பதற்காக, நிலையம் இப்போது வாடகைக்கு நடக்கும் கடைமாடிக்குப் போனேன். பிற்பகல் சாய்ந்துகொண்டிருந்த நேரம். படியேறி உள்ளே நுழைந்தேன். வரிசையாக நாற்காலிகள், நாற்காலிக்கு ஒரு இயந்திரம், இயந்திரத்துக்கு ஒரு மனிதர். கடைசி நாற்காலியில் ஒரு பெரியவர் குடை விரித்து உட்கார்ந்திருக்கிறார்! கட்டடத்துக்குள்ளே குடை! கூரைக்குக் கீழே குடை! ஏர்கோன் ஓடும் அறையில் குடை! கூரைதான் ஒழுகுகிறதோ என்று நான் அண்ணாந்து பார்த்தேன். கூரையில் ஒரு குறையும் இல்லை.

அவர்தான் காப்பார் ஊர்த் தம்புசாமி ஐயா. ஆயுள் முழுவதும் லோரி ஓட்டியவர். இதோ, முன்வரிசையில், மடித்த குடையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். ஐயா, வணக்கம். கைதட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள், அவருடைய கைகள் நாடு முழுக்கச் சரக்கு சுமந்த வண்டியை ஓட்டிய கைகள்.

ஏன் ஐயா உள்ளே குடை என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை அவர் சொன்னபடியே சொல்கிறேன். "வெயிலு தெனம் என்னைப் பாக்க வருதும்மா, வேணாம்னா கேக்குதா? ஊசி குத்துன கையை அசைக்கக் கூடாது. அதான் இந்தக் கையில கொடை."

நான் சிரித்தேன். அருகில் நின்ற தாதி ரோகிணி சிரிக்கவில்லை. என்னைத் தனியாக அழைத்துப்போய், வெயில் இவர்களை என்ன செய்கிறது என்று விளக்கினார். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குக் குடிக்கும் நீருக்கு அளவு உண்டு. சிறுநீரகம் வெளியேற்றாத நீர் உடம்பிலேயே தங்கும், கால் வீங்கும், மூச்சு முட்டும். ஆகையால் அளந்துதான் குடிக்க வேண்டும். வெயில் படப்படத் தொண்டை வறளும். வறண்ட தொண்டை தண்ணீர் கேட்கும். கேட்டவர்க்குக் கொடுக்க முடியாது. ஒரு சின்ன ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்வார்களாம், அவ்வளவுதான்.

எண்ணிப் பாருங்கள் பெரியோர்களே! நமக்குச் சூடு என்றால் எரிச்சல். எழுந்து போகலாம், ஏர்கோனைக் கூட்டலாம், ஐஸ் போட்ட தேநீர் ஒன்று குடிக்கலாம். அவருக்குச் சூடு என்றால் தாகம். தாகம் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது, குடிக்க வழியில்லை! எழுந்து போகலாமா? நான்கு மணி நேரம் அந்த நாற்காலியை விட்டு அசைய முடியாது. நாம் இந்த மண்டபத்தில் ஒரு மணி நேரம் வெயிலில் உட்கார மாட்டோம் என்று இடப்பக்கம் ஓடி வந்தோமே, அவர் எந்தப் பக்கம் ஓடுவார்?

லங்சீரை இழுத்து மூடலாமே ஐயா என்றேன். அது என் கடைத் துணிதான், பழைய ஆர்டர். "மூடுனா ரோடு தெரியாதும்மா. நாலு மணி நேரம் செவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கிறதா? நான் லோரிக்காரன்," என்றார். அடுத்த நாற்காலிக்காரர் மூடித்தான் வைத்திருந்தார். போய் அந்தத் துணியைத் தொட்டேன். இஸ்திரி போட்டு எடுத்த சட்டை மாதிரி சுட்டது! அந்தக் கணம் என் மனசு என்னையே கேட்டது: சந்திரகலா, நீ இத்தனை காலமாக என்ன விற்றுக்கொண்டிருக்கிறாய்?

வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. வந்த பிறகு நாம் துணியைத் தொங்கவிடுகிறோம். அழையாத விருந்தாளி ஹாலில் வந்து உட்கார்ந்த பிறகு வெளி கேட்டைப் பூட்டுகிற கதைதான் இது. கண்ணுக்கு இருட்டாகிறது, மனசு குளிர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது, சூடு மட்டும் துணிக்குப் பின்னால் சௌக்கியமாகக் குடியிருக்கிறது. பிறகு இருட்டாக இருக்கிறதே என்று நட்டநடுப் பகலில் விளக்கைப் போடுகிறோம். சூரியனைச் சாத்தி வைத்துவிட்டு, சூரியனுக்குப் பதிலாக விளக்கு ஏற்றும் ஊர் நம் ஊர்!

கட்டடக் குழுவிடம் போய் இதையெல்லாம் சொன்னேன், அப்போதுதான் நாகையா அண்ணன் எழுந்து, துணி போதாது என்றால் கண்ணாடியையே கருப்பாகப் போட்டுவிடலாம் என்றார். அடுத்த வாரம் கண்ணாடிக்கு ஆர்டர் போகிறது, கருப்புக் கண்ணாடி. இன்றைய பொதுக்கூட்டம் கை தூக்கிவிட்டால் போதும். அண்ணன் மீது எனக்குக் கோபமில்லை. ஏனென்றால் அண்ணன் சொன்னது அவர் கருத்து மட்டும் அல்ல, கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் நம் மக்களின் நம்பிக்கை அதுதான். கருப்பு என்றால் குளிர்ச்சி! காருக்குக் கருப்பு, வேனுக்குக் கருப்பு, கடைக்குக் கருப்பு, கல்யாண வீட்டு பஸ்ஸுக்கும் கருப்பு!

யாரோ சொல்கிறார்களே, "என் கார் கருப்பு டிண்ட்தான், நல்லா குளுருது லா" என்று. அங்கிள், ஏர்கோனை முழு மூச்சில் வைத்தால் எந்தக் காரும் குளிரும்! ஏர்கோனை நிறுத்திவிட்டு, பகல் பன்னிரண்டு மணிக்கு மைடின் பேரங்காடி கார் பார்க்கில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், பிறகு பேசலாம். உட்கார மாட்டீர்கள், தெரியும்.

கருப்புச் சட்டை போட்டு வெயிலில் நின்றிருக்கிறீர்களா? கருப்பு வெயிலைத் திருப்பி அனுப்புவதில்லை, வாங்கி வைத்துக்கொள்கிறது. சாதாரணக் கருப்புக் கண்ணாடியும் அப்படித்தான். வாங்கியதில் ஒரு பங்கை வெளியே விடும், இன்னொரு பங்கை உள்ளே உட்கார்ந்திருப்பவர் முகத்தில் விடும். வெளிச்சத்தை மட்டும் கணிசமாகக் குறைக்கும். ஆக, கருப்புக் கண்ணாடிக்குப் பின்னால் தம்புசாமி ஐயாவுக்குக் கிடைக்கப்போவது என்ன? சூடும் உண்டு, இருட்டும் உண்டு, ரோடு மட்டும் இல்லை!

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. என் தோழி லோகேஸ்வரியின் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் என் கடைக்கு எதிரே அவள் கேக் கடை. அவள் கட்டும் பூக்கேக்குகளைப் பார்த்தால், வெட்ட மனம் வராது. ஆனால் கடை முகப்பு மேற்கு. மூன்று மணிக்கு மேல் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் ரோஜாவெல்லாம் கண் முன்னே வாடும், கிரீம் ரோஜா! ஒரு நிச்சயதார்த்தத்துக்குச் செய்த மூன்றடுக்கு கேக், மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் நமஸ்காரம் செய்வதுபோல் ஒரு பக்கம் குனிந்துவிட்டது. அவள் அன்று அழுத அழுகை எனக்கு மறக்காது.

எல்லோரும் சொன்னார்கள் என்று கருப்புக் கண்ணாடி மாட்டினாள். என்ன ஆயிற்று? ரோஜா வாடுவது நிற்கவில்லை. அதோடு ரோட்டில் போகிறவர்கள் கடை மூடியிருக்கிறது என்று நினைத்துத் தாண்டிப் போகத் தொடங்கினார்கள். உள்ளே இவள் விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு காத்திருக்கிறாள், வெளியே ஆட்கள் "லோகேஸ்வரி லீவு போல" என்று நடக்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரர் போன் செய்து, உடம்புக்கு முடியலையா என்று விசாரித்தார்!

பிறகு இருவரும் சுபாங் ஜெயாவில் அஸ்வின் என்ற தம்பியின் கண்ணாடிக் கடைக்குப் போனோம். எந்தக் கலரில் கண்ணாடி வேண்டும் என்று லோகேஸ்வரி தேடினாள். அஸ்வின் கலரைப் பற்றிப் பேசவே இல்லை. ஒவ்வொரு கண்ணாடிக்கும் இரண்டு எண்கள் இருக்கின்றன, அவற்றைக் கேளுங்கள் என்றார். வெளிச்சம் எவ்வளவு உள்ளே வருகிறது என்பது ஓர் எண். வெயிலின் வெப்பம் எவ்வளவு உள்ளே வருகிறது என்பது இன்னோர் எண். வெளிச்ச எண் தாராளமாக இருக்க வேண்டும், வெப்ப எண் சுருக்கமாக இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் பூச்சு ஒன்று சில கண்ணாடிகளில் உண்டு. அது வெளிச்சத்தை வழிவிட்டு அனுப்பும், வெப்பத்தை வாசலோடு திருப்பிவிடும். பார்த்தால் சாதாரணக் கண்ணாடிதான், வேலையைப் பார்த்தால் வாசல் காக்கும் வீரன்!

அந்தப் பூச்சு வைத்த இரட்டைக் கண்ணாடியை லோகேஸ்வரி தேர்ந்தெடுத்தாள். இரண்டு கண்ணாடிகள், நடுவே மூடிய இடைவெளி. பூச்சு எங்கே இருக்க வேண்டும்? நம்முடையது வெயில் நாடு. ஆகவே வெளிக் கண்ணாடியின் உட்பக்கத்தில் இருக்க வேண்டும், வெப்பத்தை அங்கேயே மடக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பூச்சை எப்படிக் கண்டுபிடிப்பது? அஸ்வின் ஒரு லைட்டரைக் கொளுத்தி என் கையில் கொடுத்தார். "எத்தனை நெருப்பு தெரியுது அக்கா?" நான்கு தெரிந்தன, ஒன்றன் பின் ஒன்றாக. "ஒண்ணு மட்டும் கலர் மாறி இருக்கில்ல, அங்கதான் கோட்டிங். உள்ள நின்னு பாத்தா உங்ககிட்ட இருந்து மூணாவதா இருக்கணும். ரெண்டாவதா இருந்தா கண்ணாடியைத் திருப்பி மாட்டிட்டாங்கன்னு அர்த்தம்."

இதைக் கேட்டுக்கொண்டேன், மறந்தும் போனேன். இனிமேல்தான் கதை!

கண்ணாடி மாட்டியாயிற்று. விடிவதற்கு முன் நல்ல நேரம் பார்த்துக் கடையில் பூசை. வெளியே இன்னும் இருட்டு. உள்ளே உறவினர், கடைத்தெரு ஆட்கள், பூ, பழம், தேங்காய், மணியோசை. குருக்கள் கற்பூரத் தட்டோடு சாமி படத்துக்குக் காட்டிவிட்டு, புதுக் கண்ணாடிக்கும் காட்டலாம் என்று திரும்பினார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்க்கிறேன். முதல் கண்ணாடியில் நான்கு சுடர்கள், மூன்றாவது இளஞ்சிவப்பு. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. கடைசிக் கண்ணாடி! முதல் சுடர் மஞ்சள், இரண்டாவது சிவப்பு!

"சாமி, இன்னொரு தரம் காட்டுங்க!" என்று கத்திவிட்டேன். குருக்கள் பக்தி முற்றியது என்று நினைத்து மறுபடி காட்டினார். நான் "ரெண்டாவது, ரெண்டாவது!" என்று கையை நீட்டிக் கூவுகிறேன். அவ்வளவுதான், பின்னால் நின்ற ஒரு ஆன்டி "சந்திரகலாவுக்குச் சாமி வந்துருச்சு!" என்று என் நெற்றியில் ஒரு கைப்பிடி விபூதியை அள்ளிப் பூசிவிட்டார்! ஒருவர் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் எலுமிச்சம்பழத்தைத் தேடி ஓடினார். லோகேஸ்வரியின் மாமியார் என் முன்னால் கை கூப்பி, கடை எப்போது நல்லா ஓடும் என்று குறி கேட்கிறார்!

கண்ணில் விழுந்த விபூதியைத் துடைத்துக்கொண்டு, எனக்கு வந்தது சாமி இல்லை ஆன்டி, கண்ணாடி தலைகீழாகப் போயிருக்கிறது என்று விளங்க வைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. விளங்கிய பிறகு பாருங்கள் நம் ஆட்களின் உற்சாகத்தை! குருக்களே தட்டை ஏந்திக்கொண்டு கண்ணாடி கண்ணாடியாகப் போய் உரக்க எண்ணினார். ஊரே சேர்ந்து எண்ணியது. அஸ்வினுக்குப் போன் போட்டோம். தம்பி தூக்கக் கண்ணோடு ஓடி வந்து, தானும் ஒரு தரம் எண்ணிப் பார்த்து, தன் ஆட்கள் செய்த தவறுதான் என்று ஒப்புக்கொண்டு, அன்றைக்கே கழற்றிச் சரியாக மாட்டிக் கொடுத்தார். இப்போது எங்கே கண்ணாடி மாட்டினாலும், லைட்டரோடு தானே போய் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வாங்குகிறாராம். 

இன்று அந்தக் கடைக்குப் போங்கள். பகலில் விளக்கு தேவையில்லை. ரோட்டிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு ரோஜா இதழும் தெரிகிறது. மூன்றடுக்கு கேக் நிமிர்ந்து நிற்கிறது, மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் இனி அது குனியவே குனியாது!

தாய்மார்களே, இது கடைக்காரர்கள் கதை, நம் வீட்டுக்கு என்ன என்று கேட்கிறீர்கள். கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். முதலில் வீட்டில் எல்லா ஜன்னலையும் மாற்ற ஓடாதீர்கள். ஒரு நாள் பிற்பகலில் ஜன்னல் ஜன்னலாகப் போய்ப் புறங்கையை வைத்துப் பாருங்கள். எது சுடுகிறதோ அதுதான் உங்கள் வீட்டின் எதிரி. மேற்கு முதலில், கிழக்கு அடுத்து, மற்றவை பிறகு. வெளியே ஒரு கூரைநீட்டம் போட்டோ மரம் வைத்தோ வெயிலை வாசலிலேயே தடுக்க முடிந்தால் அதை முதலில் செய்யுங்கள். வரிசையாய் ஒட்டி நிற்கும் தெரஸ் வீட்டுச் சின்ன ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடிதான் வேண்டும் என்பதில்லை, நல்ல பூச்சுள்ள ஒற்றைக் கண்ணாடியோ, ஏற்கெனவே உள்ள கண்ணாடிக்குத் தகுந்த வெப்பத் தடுப்பு ஒட்டுத்தாளோ போதும். எதை வாங்கினாலும் கலரைக் கேட்காதீர்கள், அந்த இரண்டு எண்களைக் கேளுங்கள். எண் தெரியாது, ஆனால் நல்லா குளிரும் என்று கடைக்காரர் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

விலை கூடுமே என்று அங்கே ஒரு முணுமுணுப்பு கேட்கிறது. கூடத்தான் கூடும், நான் மறைக்கவில்லை. ஆனால் நாலு பக்கமும் நான் கேட்கவில்லை, மேற்கு ஒன்றுதான் கேட்கிறேன். கனத்த லங்சீர் வேண்டாம் என்று என் கடைக்கு வரவேண்டியதை அதில் கழித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதமும் ஏர்கோன் தின்னும் மின்சாரத்தில் மிச்சத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? வர வேண்டாம், பேச்சை நம்பாதீர்கள், கையை நம்புங்கள்! இதோ மேடையில் அஸ்வின் தம்பி கொடுத்தனுப்பிய இரண்டு கண்ணாடிகள். ஒன்று, கட்டடக் குழு தேர்ந்தெடுத்த கருப்பு. இன்னொன்று, பூச்சு வைத்த தெளிந்த இரட்டைக் கண்ணாடி. இரண்டுக்கும் பின்னால் ஒரே மாதிரியான சூட்டு விளக்குகள். நாகையா அண்ணே, உங்கள் தங்கச்சியாக அழைக்கிறேன், எழுந்து வாருங்கள். கைதட்டி அழையுங்கள் ஐயா, அண்ணனுக்குக் கூச்சம்! வந்துவிட்டார். முதலில் கருப்புக்கு முன்னால் கையை வையுங்கள் அண்ணே. இன்னும் கொஞ்ச நேரம். என்ன, எடுத்துவிட்டீர்கள்?

"சுடுது லா."

மைக்கில் கேட்டதா அனைவருக்கும்? சரி, இப்போது தெளிந்த கண்ணாடிக்கு முன்னால். வையுங்கள், அப்படியே வைத்திருங்கள். அண்ணன் என்னையே பார்க்கிறார். கண்ணாடியைப் பார்க்கிறார். என்ன அண்ணே?

"இந்தப் பக்கம் வெளக்கு எரியுதா இல்லையா?"

எரிகிறது அண்ணே! குனிந்து பாருங்கள், கண் கூசும்படி எரிகிறது! கருப்பில் மங்கலாகத் தெரிந்த விளக்கு இதில் பளிச்சென்று தெரிகிறது. வெளிச்சம் வந்துவிட்டது, வெப்பம் வரவில்லை. இருளைத் தந்து சூட்டையும் தருவது அது. ஒளியைத் தந்து குளிர்ச்சியையும் தருவது இது. எதைத் தேர்ந்தெடுக்கப் போகிறோம்? எதைத் தேர்ந்தெடுக்கப் போகிறோம் பெரியோர்களே?

ஒரு கட்டடத்தைப் பார்த்து நாலு பேர் கம்பீரம் என்று சொல்வதற்காகவா நாம் அதைக் கட்டினோம்? உள்ளே உட்கார்ந்திருப்பவரின் தொண்டை வறளாமல் இருப்பதற்காகக் கட்டினோம்! கல்லுக்காகக் கட்டினோமா? கலருக்காகக் கட்டினோமா? நம்மில் ஒருவர் உடல் சோர்ந்து ஊசிக்குக் கை நீட்டும் வேளையில், இந்தச் சமுதாயம் அவர் பக்கத்தில் நிற்கிறது என்று காட்டுவதற்காகக் கட்டினோம்! அவர் வெயிலில் தனியாகக் குடை பிடித்து உட்கார்ந்திருந்தால், எட்டடி அகலப் பெயர்ப்பலகையில் அன்பொளி என்று எழுதி என்ன பயன்? அவர் நீட்டிய கையில் ஊசி, அடுத்த கையில் குடை. அந்தக் குடையை வாங்கிக்கொள்ள இந்த மண்டபத்தில் இத்தனை கைகள் இருக்கின்றனவே!

தலைவர் ஐயா தலையசைத்து அனுமதி தந்துவிட்டார். மேற்குச் சுவருக்குத் தெளிந்த கண்ணாடிதான் வேண்டும் என்போர் கை தூக்குங்கள். அட, நாகையா அண்ணன் மைக்கைக் கேட்கிறாரே!

"நானே முன்மொழியுறேன். மாட்டுற அன்னைக்குக் கற்பூரத்தோட வந்து நானே எண்ணுவேன்."

கேட்டீர்களா! கேட்டீர்களா! தாய்மார்கள் பக்கம் ஒரு கையும் கீழே இல்லை. கதவோரத் தம்பிமார்கள் இரண்டு கையையும் தூக்குகிறார்கள். ஒரு கை போதும் தம்பி! தே தாரிக் அண்ணன் குவளையோடு தூக்குகிறார், பார்த்துத் தூக்குங்கள் அண்ணே! முன்வரிசையில் தம்புசாமி ஐயா, ஊசிக் கையை மடியில் வைத்துக்கொண்டு, மடித்த குடையை உயரத் தூக்கிப் பிடித்திருக்கிறார்.

ஐயா ஏதோ கேட்கிறார், கொஞ்சம் அமைதி. அவரிடம் மைக்கைக் கொடுங்கள்.

"ரோடு தெரியுமாம்மா?"

தெரியும் ஐயா. ரோடு தெரியும், ரோட்டில் போகும் லோரி தெரியும், லோரியின் நம்பர்கூடத் தெரியும். நான்கு மணி நேரமும் நீங்கள் பார்த்துக்கொண்டே இருக்கலாம். குடையை இனி மழைக்கு மட்டும் விரியுங்கள்.

என் கடையின் மிகப் பெரிய ஆர்டர் இதோ உங்கள் கண் முன்னே கைநழுவிப் போய்விட்டது. இவ்வளவு சந்தோஷத்தோடு நஷ்டப்பட்ட வியாபாரி இந்தக் கிள்ளானில் வேறு யாரும் இருக்க மாட்டாள். மேடை தந்த தலைவருக்கும், கையைத் தந்த அண்ணனுக்கும், காதையும் மனத்தையும் தந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் பிரிக்பீல்ட்ஸ் லங்சீர் கடைக்காரியின் நெஞ்சார்ந்த நன்றி. வெளிச்சம் உங்கள் வீடுகளுக்குள் தாராளமாக வரட்டும், வெப்பம் வாசலோடு போகட்டும். விடைபெறுகிறேன், வணக்கம்!